செங்கல்பட்டில் ஓய்வுக்காலம்: வீடு வாங்குமுன் பார்க்க வேண்டிய மேடும் பள்ளமும்

சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில் பரனூரைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிகிறது. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் கூட்டம் இறங்கிப்போயிருக்கும். காலியான பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த நீர்ப்பரப்பையும் பின்னால் நிற்கும் குன்றுகளையும் பார்த்தபடியே "ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துவிடலாம்" என்று தீர்மானிக்கிறவர்கள் உண்டு. ஊர் அதற்குத் தகுதியான ஊர்தான். ஆனால் கண்ணை இழுக்கிற அந்த ஏரிதான் நீங்கள் வாங்கும் மனையில் கார்த்திகை மாதம் தண்ணீர் நிற்குமா, ஆழ்துளைக் கிணறு சித்திரையில் கை கொடுக்குமா, வாசல்படியில் பாம்பு வருமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. வீட்டை ஜன்னல் காட்சியை வைத்துத் தேடினால் பின்னால் வருத்தம்தான். தரையின் மேடு பள்ளத்தையும், ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் ஆகும் நிமிடங்களையும் வைத்துத் தேடுங்கள்.

செங்கழுநீர்ப்பூ நிறைந்த நீர்நிலைகளால் செங்கழுநீர்ப்பட்டு என்று பெயர் வந்து, அது செங்கல்பட்டு ஆனது என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 62,579. 2019 நவம்பர் 29 முதல் தனி மாவட்டத்தின் தலைநகர். ஆகவே ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, அதன் மருத்துவமனை, ரயில் சந்திப்பு எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. எழில் கொஞ்சும் மலையூர் ஒன்றில் குடியேறி, ஒரு ஸ்கேன் எடுக்க இரண்டு மணி நேரம் கீழே இறங்கும் அவஸ்தை இங்கே இல்லை.

ஐப்பசியில் வாடகைக்கு வாருங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அந்த ஒரு வருடத்தை ஐப்பசியில் தொடங்குங்கள். பெரும்பாலோர் தை, மாசியில் வீடு பார்க்க வருகிறார்கள். காற்று குளிர்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும், வயல் பச்சை கட்டியிருக்கும், தெரு காய்ந்திருக்கும். அந்த இரண்டு மாதத்தில் எந்தத் தெருவும் அழகாகத்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று தெரியும். மார்கழியில் கொசு தெரியும். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மேல்மாடியின் வெக்கையும், கிணற்று நீரின் உப்பும், மின்வெட்டும் தெரியும். இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்தத் தெரு பிடித்திருந்தால் வாங்கலாம். சென்னை வீட்டை அந்த வருடம் விற்க வேண்டாம். வாடகைக்கு விட்டுவிட்டு வந்தால், திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கும்.

தரை சொல்லும் சேதி

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் பாலாற்றிலோ கடலிலோ சேரும். இப்படிச் சங்கிலியாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மனையாகப் போட்டு விற்றால், மழைக்குத் தன் பழைய வழி நினைவிருக்கும்.

ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் முதல் ஆவணம். தாங்கல், ஏந்தல் என்றால் சிறிய ஏரி. ஓடை, மதகு, கலங்கல், ஏரிக்கரை என்று முடியும் தெருக்களில் ஒரு முறைக்கு இரண்டு முறை விசாரியுங்கள். மேட்டுத்தெரு என்ற பெயர் இருந்தால் அது பெரும்பாலும் உண்மையாகவே மேடுதான். பழைய ஊர்க்காரர்கள் கோயிலையும் தங்கள் வீடுகளையும் மேட்டில் கட்டிக்கொண்டு பள்ளத்தை நெல்லுக்கு விட்டார்கள்.

அடுத்து, காகிதங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, மனையின் எல்லையும் அளவும் காட்டும் புலப்பட நகல் மூன்றையும் எடுக்கலாம். பட்டா உங்களுக்கு விற்பவர் பெயரைச் சொல்லும். அ-பதிவேடு அந்தச் சர்வே எண் ஆதியில் என்னவாக இருந்தது என்பதைச் சொல்லும். நஞ்சையா, புஞ்சையா, ஏரித்தண்ணீர் நிற்கும் உள்வாயா, வாய்க்கால் புறம்போக்கா, மேய்க்காலா என்று அங்கே பாருங்கள். நஞ்சை என்றால் வாங்கவே கூடாது என்பதில்லை; ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கி நெல் விளைந்த நிலம், களிமண், அஸ்திவாரச் செலவு கூடும் என்று பொருள். கிராம வரைபடத்தை வைத்து, மனைக்கு நான்கு பக்கமும் உள்ள சர்வே எண்களையும் பாருங்கள். உங்கள் மனை சுத்தமாக இருந்து, பக்கத்து மனை வாய்க்கால் மேல் நின்றால், வாய்க்கால் தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்காவது போட்டுப் பாருங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இல்லாத மனை விலை குறைவாகக் கிடைக்கும். 2016 அக்டோபர் 20க்கு முன்பே விற்பனையான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்தது. அதன் பிறகு பிரித்து விற்ற மனையில் கட்டட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. அறுபது வயதில் வழக்கு நடத்தும் மனையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

காகிதத்தில் கிடைக்காத தகவலுக்குத் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையும் பால் போடுகிறவரையும் கேளுங்கள். தரகர் ஒரு முறை பார்த்த தெருவில் அவர்கள் தினமும் நிற்கிறார்கள். "2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது? 2023 மிக்ஜாம் புயலுக்கு? 2024 ஃபெஞ்சலுக்கு?" என்று புயலின் பெயர் சொல்லிக் கேட்டால் சரியான பதில் வரும். சுற்றுச்சுவரில் ஓடும் பழுப்புக் கோடு, வழக்கத்தைவிட மேலே ஏற்றி மாட்டிய மின்மீட்டர் பெட்டி, வாசலில் புதிதாகக் கட்டிய அரையடித் தடுப்பு, இவையும் சாட்சிகள்.

தரைமட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. தண்ணீர் நிற்கும் தெருவில் வீட்டின் அடித்தளத்தைச் சாலையிலிருந்து 3 அடி உயர்த்தச் சொல்வார்கள் கொத்தனார்கள். சரிதான். ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கும் சக்கர நாற்காலிக்கும் சாய்தளம் வேண்டும். சாய்தளத்தின் சரிவு 1க்கு 12 இருக்க வேண்டும். 3 அடி உயரத்துக்கு 36 அடி நீளச் சாய்தளம்! 30க்கு 40 அடி மனையில் அதை எங்கே போடுவது? ஒன்றரை அடி உயரம் போதுமான மேட்டுத் தெருவில் 18 அடிச் சாய்தளம் வீட்டின் பக்கவாட்டில் அடங்கிவிடும். அத்தோடு, சுரண்டாமல் மேலே மேலே போடும் சாலையால் தெரு உயர்ந்துகொண்டே போகும். பத்து வருடத்தில் உங்கள் ஒன்றரை அடி ஓரடியாகிவிடலாம். பள்ளத்தில் வாங்கியவருக்கு இதற்கு மருந்தே கிடையாது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை எளிது. கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும், குளியலறைக்கும் 3 அடிக் கதவு, வழுக்காத தரை ஓடு, கழிப்பறைப் பக்கத்தில் சுவரோடு ஆணியடித்த கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. இவற்றைக் கட்டும்போதே செய்தால் செலவு தெரியாது. இடுப்பு ஒடிந்த பிறகு செய்தால் இரட்டிப்பு.

ஒரு எச்சரிக்கை. குன்றுகள் தெரியும் மனை என்று விளம்பரம் செய்தால், அந்தக் குன்றில் கல்குவாரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாவட்டத்தின் கருங்கல்லுக்குக் கிராக்கி அதிகம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு சத்தமும் இருக்காது. வார நாளில் பகல் முழுக்க அங்கே நில்லுங்கள். வெடியும், ஜல்லி அரைக்கும் தூசியும், டிப்பர் லாரிகளின் வரிசையும் தெரிந்துவிடும். ஆஸ்துமாக்காரர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தண்ணீர்

அடியில் இருப்பது கடினப்பாறை. பாறையில் விரிசல் இருக்கும் இடத்தில்தான் நீர் ஓடும். பக்கத்து வீட்டில் 150 அடியில் நல்ல ஊற்று கிடைத்தது என்பது உங்கள் மனைக்கு உத்தரவாதம் ஆகாது. ஏரிக்குப் பக்கம் என்பதும் ஆகாது. பாலாற்றுப் படுகையின் மணலில் ஊறும் நீருக்கும் பாறைக்குள் நிற்கும் நீருக்கும் சுவையே வேறு.

வாடகை வருடத்திலேயே நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மே மாதமும் டிசம்பரிலும் அளந்து குறித்துவையுங்கள். இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. மே மாத அளவு 500க்குள் இருந்தால் ஆர்.ஓ. கருவி தேவையில்லை, வடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். அந்தக் கழிவைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் பிடித்துவைக்கலாம்; செடிக்கு ஊற்றினால் உப்பு மண்ணில் தங்கிவிடும்.

மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. பாதாளச் சாக்கடை எட்டாத புதிய மனைப்பிரிவுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க். அதன் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். 40 அடி என்பது 12 மீட்டர்தான். அதாவது 30க்கு 40 அடி உள்ள அரை கிரவுண்டு மனையில் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது. உங்கள் தொட்டி தள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டுத் தொட்டி உங்கள் கிணற்றை ஒட்டியிருக்கும். ஆகவே அத்தகைய மனையில் ஆழ்துளை நீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க நகராட்சிக் குழாய் நீரையோ மழைநீரையோ நம்புவது நல்லது. கிணற்று நீரைக் குடித்தே ஆக வேண்டுமென்றால் வருடம் ஒரு முறை, மழைக்குப் பிறகு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிக்குச் சோதனை செய்யுங்கள்.

மழைநீரின் கணக்கு மனதுக்கு நிறைவானது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். வருடத்துக்கு 1,200 மி.மீ. என்று வைத்து, சிதறியது போக 85 விழுக்காடு பிடித்தால் சுமார் 95,000 லிட்டர். இரண்டு பேர் தலைக்கு 135 லிட்டர் வீதம் ஒரு வருடம் செலவழிப்பது 98,550 லிட்டர். கிட்டத்தட்ட சரிக்குச் சரி! எல்லாவற்றையும் தேக்க முடியாது என்றாலும் 10,000 லிட்டர் கீழ்நிலைத் தொட்டி ஒன்று, அதாவது இரண்டரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், இருவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். அதில் நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். தவறு நடப்பது ஒரே இடத்தில்தான்: பருவத்தின் முதல் மழையை நேரே தொட்டிக்குள் விட்டுவிடுகிறார்கள். மாடியின் தூசி, இலை, பறவை எச்சம் அத்தனையும் அதில் வரும். முதல் மழையை வெளியே தள்ள இறங்கு குழாயில் ஒரு வால்வு வைத்து, புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நிமிடக் கணக்கு

வீடு பிடித்துவிட்டது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இரவு எட்டு மணிக்கும், ஒரு ஞாயிறு மாலையும், அங்கிருந்து மருத்துவமனை அவசரப் பிரிவு வரை வண்டியில் போய் நேரம் பாருங்கள். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. வரைபடத்தில் 2 கி.மீ. என்பது பாலத்தைச் சுற்றிப் போனால் வேறு கணக்கு. ஞாயிறு மாலையிலும் பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளிலும் தென்மாவட்ட வண்டிகள் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை நோக்கித் திரும்பும். பரனூர் சுங்கச்சாவடிக்குப் பின்னால் வரிசை நீளும். அந்த நேரத்தில் நெஞ்சுவலிக்காரரைக் குரோம்பேட்டைக்கோ கிண்டிக்கோ கொண்டுபோகலாம் என்ற திட்டம் திட்டமே அல்ல.

இரண்டு நோய்களுக்குக் கடிகாரம்தான் மருந்து. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மாரடைப்புக்கு அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும்; அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கும் வசதி தொலைவில் இருந்தால், கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டுப் பிறகு மாற்றுவார்கள். ஆகவே நலமாக இருக்கும்போதே, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு மருத்துவமனைகளில் நேரில் போய்க் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு சி.டி. எடுப்பீர்களா? கரைக்கும் ஊசி கையிருப்பில் உண்டா? ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர் இரவில் வருவாரா? என் காப்பீட்டில் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்வீர்களா? பதிலை எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னைப் பக்கம் பொத்தேரியிலும் தெற்கே மேல்மருவத்தூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். நெரிசல் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து எந்தப் பக்கம் போவது என்று இரண்டு வழிகளை யோசித்து வைத்திருப்பது நல்லது.

நெடுஞ்சாலை விபத்துக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்த "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக்கே வரும்.

ரயில்தான் இந்த ஊரின் பெரிய செல்வம். தாம்பரத்துக்குச் சுமார் 50 நிமிடம், எழும்பூருக்கு ஒன்றரை மணி. வண்டி இங்கிருந்தே புறப்படுவதால் காலையில் உட்கார இடம் உறுதி. மாலை 5 மணிக்கு மேல் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து திரும்புவது வயதானவர்களுக்குத் தண்டனை. மூன்று மணி வண்டியைப் பிடித்துவிடுங்கள். தாம்பரத்தோடு நிற்கும் வண்டிகளே அதிகம் என்பதால், செங்கல்பட்டு வரை வருபவற்றின் நேரத்தைத் தனியே குறித்துவைக்க வேண்டும். ஞாயிறு அட்டவணை வேறு. 2025 ஏப்ரல் முதல் குளிர்சாதன மின்சார ரயிலும் இந்தப் பாதையில் ஓடுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் திரிசூலம் நிலையம் கைகொடுக்கும். இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம். தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுவதால் கோயம்பேடு வரை அலைய வேண்டாம்.

காரில் அடிக்கடி சென்னை போகிறவர்கள் பரனூரில் ஒவ்வொரு முறையும் சுங்கம் கட்டுவதைவிட, 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் எடுக்கலாம்; தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். 200 தடவை வரை கடக்கலாம்.

பாம்பு, குரங்கு, கொசு

ஏரியும் வயலும் காடும் இருக்கும் ஊரில் தவளையும் எலியும் இருக்கும். அவை இருந்தால் பாம்பு வரும். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை. ஆளைக் கொல்லக்கூடியவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கின் நஞ்சையும் எடுத்து விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இதே மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. நாட்டின் பல மூலைகளில் பிழைக்கும் உயிர்களுக்கு இந்த மண்ணின் இருளர்கள் கைவேலை காரணம். ஒரு முறை போய்ப் பாருங்கள். எது விஷம், எது சாரை என்று கண்ணுக்குப் பழகும்.

கட்டுவிரியன்தான் ஏமாற்றும். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தெரியவரும்போது நேரம் போயிருக்கும். ஆகவே கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கதவுக்கும் தரைக்கும் உள்ள இடுக்கை ரப்பர் பட்டையால் அடையுங்கள். குளியலறைக் கழிவுத் துளைக்குச் சல்லடை மூடி போடுங்கள். விறகு, செங்கல், தேங்காய் மட்டைக் குவியலைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் டார்ச் இல்லாமல் வாசல் இறங்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழையுங்கள். நடக்க விடாதீர்கள். விஷமுறிவு மருந்து பொதுவாக 8 முதல் 10 குப்பியில் தொடங்குவார்கள். மேலும் தேவைப்படலாம், சில நேரம் செயற்கைச் சுவாசமும் வேண்டும். அதனால் சிறு கிளினிக்கில் நேரம் போக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். வீட்டுக்குள் பாம்பு தெரிந்தால் தீயணைப்பு நிலையத்தை அழைத்தால் பிடித்துப் போவார்கள்.

குரங்குக்கு உணவு வைக்காத தெரு நல்ல தெரு. ஒரு வீடு வாழைப்பழம் போட்டால் பத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மூடி உடையும். மூடியைக் கம்பியால் கட்டி, ஜன்னலுக்குக் கொசுவலையோடு தடித்த கம்பிவலையும் போட்டுவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. அது ஏரியிலிருந்து வருவதில்லை, உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டிலும் பிறக்கிறது. வாரம் ஒரு நாள் அவற்றைக் கவிழ்த்துவிட்டாலே போதும்.

மின்சாரம்

பராமரிப்புக்கென்று பகலில் பல மணி நேரம் நிறுத்துவார்கள். புயல் வந்தால் அதற்கும் மேல். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று காகிதத்தில் 1,800 வாட்-மணி. நடைமுறையில் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 75 வாட் மின்விசிறி இரண்டும் விளக்குகளும் ஓடினால் 5 மணி நேரம். அதே வீட்டில், மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் 9 மணி நேரத்துக்குக் குறையாது. பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுங்கள். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி தேவைப்படுகிறவர் இருந்தால் அது ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். இந்த ஒரு பேட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

மாடியில் 3 கிலோவாட் சூரியத்தகடு நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 2024இல் தொடங்கிய சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு விஷயத்தை விற்பனையாளர் அழுத்திச் சொல்வதில்லை: பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்கான பாதுகாப்பு அது. ஆகவே சூரியத்தகடு இருக்கிறதென்று இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

பணமும் காகிதமும்

பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9. சென்னை வீட்டை விற்ற லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடானால், பணவீக்கத்தைக் கழித்து 20 விழுக்காடு கட்டுவது குறைவாக வருகிறதா என்றும் போட்டுப் பாருங்கள். லாபத்தை இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று வருடத்துக்குள் கட்டவோ போட்டால் விலக்கு உண்டு. அதற்குள் வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் கெடு வந்துவிட்டால், மீதிப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண வைப்புநிதியில் போட்டுவிட்டு விலக்குக் கேட்டால் கிடைக்காது. பலர் சறுக்குவது இங்கேதான்.

முகவரியை முதலில் ஆதாரில் மாற்றுங்கள். ரேஷன் அட்டை, வங்கி, எரிவாயு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும். ஓய்வூதியர் உயிர்வாழ்ச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. தபால்காரரிடம் சொன்னால் 70 ரூபாய்க்கு வீட்டிலேயே எடுப்பார்.

வேடந்தாங்கலின் நாலு மணி

இவ்வளவு பாடுபட்டு வந்ததற்கு ஊர் திருப்பித் தருவது என்ன? படாளம் வழியாகச் சுமார் 30 கி.மீ. போனால் வேடந்தாங்கல். சென்னைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டமாக வந்து, மர உச்சியில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் உள்ளூர்க்காரர். தை மாதத்துப் புதன்கிழமை மூன்றரைக்குப் போய் நில்லுங்கள். நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் இரை தேடிவிட்டுக் குஞ்சுகளிடம் திரும்பும். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து, தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காமல் இருக்கிறார்கள். வாத்து பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துக் கரிக்கிலிக்குப் போங்கள். 2022இல் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி, தண்ணீர், தொப்பி, கால்வலிக்காரருக்கு மடக்கு நாற்காலி. திரும்பும்போது இருட்டிவிடும், ஆகவே வண்டி ஓட்டப் பார்வை சரியாக உள்ள ஒருவர்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் நிறைய பேர் யோசிக்க மறப்பது இருக்கிறது. 62 வயதில் ஸ்கூட்டரில் பத்து நிமிடம் என்று வாங்கும் வீடு, 76 வயதில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் தீவாகிவிடும். மளிகை, மருந்துக்கடை, ஷேர் ஆட்டோ நிறுத்தம் மூன்றும் அரை கிலோமீட்டர் நடையில் இருக்க வேண்டும். மேலும், கணவன் மனைவி இருவரில் ஒருவர் ஒரு நாள் தனியாக இந்த வீட்டில் இருக்கப்போகிறார். அந்த ஒருவர் எவராக இருந்தாலும் அவரால் மோட்டார் போட, எரிவாயு பதிய, மின்கட்டணம் கட்ட, வங்கியில் பணம் எடுக்க முடிய வேண்டும். பத்திரம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எதுவும் ஒற்றைப் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. இடம்பெயர்ந்த முதல் மாதமே எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். காலை எட்டு மணிக்குள் வாசல் தெளிக்கவில்லை, விளக்கு அணையவில்லை என்றால் கதவைத் தட்டச் சொல்லுங்கள். நீங்களும் அவர்கள் வீட்டு வாசலை அப்படியே பாருங்கள்.